மில்லுக்கோயிலில் பதினோரு மாதம்

உப்பளம், புதுச்சேரி
12 ஜனவரி 2025

அன்புள்ள பாரதிக்கு,

அண்ணி ஜெயம் எழுதறது. கவர் மேல என் பேரப் பாத்ததும் கிழிச்சுப் போடாம இது வரைக்கும் வந்துட்டன்னா, மீதியையும் படிச்சுடு.

நாலு வருஷமா போன் பண்ணிப் பாத்து அலுத்துட்டேன். "அத்தை உன்ன பிளாக் பண்ணி வெச்சிருக்காங்கம்மா"ன்னு அஜித் சொன்னான். தபால்காரரை யாரும் பிளாக் பண்ண முடியாதுல்ல? அதான் பேனாவ எடுத்துட்டேன்.

விஷயம் இதான். நம்ம மில்லுக்கோயிலுக்கு வர்ற அக்டோபர் அஞ்சாந்தேதியோட எழுபத்தஞ்சு வருஷம் ஆவுது. கமிட்டி மலர் போடுது. செயலாளர் எழிலரசன் வூட்டுக்கே வந்து, "சபை வரலாறு நீங்கதான் எழுதணும் டீச்சர்"னு என் தலையில கட்டிட்டுப் போயிட்டாரு. முப்பத்தோரு வருஷம் எட்டாம்கிளாஸ் புள்ளைங்களக் கட்டுரை எழுதுன்னு படுத்தினேன் இல்ல, அதுக்குத் தண்டனை.

கொஞ்சம் தேத்தி வெச்சிருக்கேன். பிரெஞ்சுக்காரன் காலத்துல, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுல, மில் லைன்ல ஒரு வராந்தாவுல பன்னெண்டு குடும்பம் ஆரம்பிச்சது. கோயில் கட்ட மேரியில, அதான் அப்ப இருந்த முனிசிபாலிட்டி ஆபீசுல, அனுமதி கேட்டு எட்டு மாசம் நடந்தாங்களாம். மணி, பழைய துறைமுகத்துல உடைச்ச கப்பல்லேர்ந்து வந்தது. தானே புயல்ல கூரை பறந்தப்ப வீராம்பட்டினத்துலேர்ந்து மீன்காரரு சுப்ரமணியும் அவரு ஆளுங்களும் வலைக்கயிறு போட்டுக் கட்டிக் குடுத்துட்டு, டீ மட்டும் வாங்கிக் குடிச்சிட்டுப் போனாங்க. ஊரெல்லாம் மாதா கோயிலா இருக்கிற இந்த டவுன்ல, "மெதடிஸ்ட்டா? மெத்தைக் கடையா?"ன்னு கேக்கறவங்களுக்கு நடுவுல நாப்பத்திரண்டு குடும்பமா நின்னுட்டு இருக்கோம். இதெல்லாம் எழுதிட்டேன்.

எழுபத்தி நாலாம் வருஷம் மட்டும் வெறும் காகிதமா இருக்கு. ஆயர் பேரு இல்ல, ஞானஸ்நானம் இல்ல, கல்யாணம் இல்ல. மலரோட முதல் பக்கத்துல உங்கப்பா படம் போடறாங்க, "சபையைக் காத்த உபதேசியார் சின்னக்கண்ணு"ன்னு. அவரு சபையக் காத்த வருஷத்துல என்னதான் நடந்துச்சு? நான் இந்த வூட்டுக்கு வந்ததே எம்பத்தொண்ணுல. உங்க அண்ணன் இருந்தா அவரக் கேட்டிருப்பேன். இப்ப உன்னத் தவிர கேக்க ஆளு இல்ல.

இப்படிக்கு,
ஜெயம் அண்ணி


சார்செல், பிரான்ஸ்
3 பிப்ரவரி 2025

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

மணி கப்பலிலிருந்து வந்ததல்ல. துறைமுகச் சரக்குக் குதாமில் வேலை நேரத்துக்கு அடித்துக்கொண்டிருந்த மணி அது. கப்பல் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக அண்ணன் கட்டிவிட்ட கதை. திருத்திக்கொள்ளுங்கள். வராந்தாவில் ஆரம்பித்த குடும்பங்கள் பதினொன்று. பன்னிரண்டாவது குடும்பம் எங்களுடையது. நாங்கள் ஒரு மாதம் கழித்துத்தான் சேர்ந்தோம். அப்பா இதை எப்போதும் சொல்வார், வெட்கப்பட்டுக்கொண்டே.

எழுபத்து நான்கைத் தொடாதீர்கள். "கட்டடப் பழுது காரணமாக ஆராதனை தடைபட்டது" என்று ஒரு வரி போட்டுவிட்டு மேலே போய்விடுங்கள்.

இனி என் விஷயம். அண்ணன் இறந்த மறுநாள் மத்தியானம் அஜித்திடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. "அப்பா இறந்துட்டாங்க அத்தை, அடக்கம் முடிஞ்சிருச்சு." அவ்வளவுதான். நான் சமையலறையில் நின்று படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கொரோனா, விமானம் இல்லை, எல்லாம் எனக்கும் தெரியும். நான் வரவேண்டும் என்று கேட்கவில்லை. மண் போடுமுன் ஒரு போன். போனை அவர் பக்கத்தில் பிடித்திருந்தால் போதும், நான் பேசியிருப்பேன். அதைக்கூட நீங்கள் செய்யவில்லை. உங்களோடு மூன்று வருடம் ஒரே வீட்டில், ஒரே சீப்பில் தலை வாரியவள் நான்.

கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன்.

பாரதி

உங்கள் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது?


உப்பளம்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள பாரதி,

தோள்பட்டை அப்படியேதான் இருக்கு. வலது கைய மேல தூக்கினா சொர்க்கம் தெரியுது.

நீ கேட்டதுக்கு பதில் சொல்றேன். நாலு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும். உங்க அண்ணனக் கொண்டுபோன அன்னிக்கு நானும் ஜுரத்துல ஆஸ்பத்திரியில வேற வார்டுல மூச்சுக்குழாயோட கிடந்தேன். அவரு போனது எனக்கே மூணாம் நாள்தான் தெரியும். அஜித் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கைய ஆட்டினான். அவன் அழுதுட்டே ஆட்டினதப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன். பாரதி, நானும் அவரு மூஞ்சியப் பாக்கல.

அப்புறம் ஏன் சொல்லலன்னு கேப்ப. வூட்டுக்கு வந்ததும் உனக்குத்தான் முதல்ல போன் போட்டேன். நீ எடுத்த உடனே, "எங்க அண்ணன அனாதைப் பொணமாட்டம் பொதைச்சிட்டீங்களே"ன்ன. அந்த வார்த்தையக் கேட்டதும் போன வெச்சிட்டேன். நானும் வீம்புக்காரிதான. சீப்பு மட்டுமா, வீம்பையும் ஒரே எடத்துலதான் வாங்கியிருக்கோம் போல.

இப்ப கோயில் விஷயம். நீ தொடாதன்னதும் எனக்கு அங்கதான் கை போவுது. பழைய ஆளுங்க ஒவ்வொருத்தர் வூடா போய்க் கேட்டுட்டு வர்றேன். கடைசி பெஞ்சு பக்கிரி அண்ணனக் கேட்டேன். "எழுபத்தி நாலா? அப்ப ஆயரு ஏதும்மா. ரீலிங் செல்வாம்பாதான் எங்க ஆயரு. பதினோரு மாசம் அதுதான கோயில நடத்துச்சு"ன்னாரு. பக்கத்துல இருந்த அவரு சம்சாரம் தொடையில ஒரு கிள்ளு கிள்ளினாங்க. அதோட நிறுத்திட்டாரு.

நான் போய் சபைப் பதிவேட்ட எடுத்துப் பாத்தேன். எழுபத்தஞ்சுல புதுசா எழுதின புஸ்தகம். அறுபத்திரண்டு குடும்பம், ஒருத்தர் விடாம முத்து முத்தா எழுதியிருக்கு. உன் கையெழுத்துன்னு பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. அந்த "ழ"வுக்கு வால் போடறது உன்னத் தவிர யாரு? ரெண்டு தரம் விரல் வெச்சுப் படிச்சேன். செல்வாம்பாள்னு ஒரு பேரு அதுல இல்ல.

யாரு பாரதி அது?

அண்ணி


சார்செல்
17 மார்ச் 2025

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அஜித் நின்றது கண்ணிலேயே நிற்கிறது. நான் சொன்ன அந்த வார்த்தையை எனக்கு ஞாபகமே இல்லை என்று சொல்ல ஆசை. ஞாபகம் இருக்கிறது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் கடையில் வாங்கிய வார்த்தை மாதிரி இருக்கிறது. வேறு வார்த்தை கிடைத்தால் எழுதுகிறேன்.

செல்வாம்பாள் யார் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஒருவருக்கும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரருக்கும்.

எழுபத்து நான்கில் மில்லில் பெரிய ஸ்டிரைக். கதவடைப்பு. கோயில் ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் மில்லில்தான் வேலை. அப்பாவும் மில்லில்தான், ஆனால் ஆஜர் எழுதும் டைம் ஆபீஸில். ஸ்டிரைக்கில் இருந்தவர்கள் கோயில் முற்றத்தில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்று கேட்டார்கள். கோயில் நிற்கும் இடம் மில்லுக்குச் சொந்தமான இடம், அனுமதியின் பேரில் கொடுத்தது. "இந்த மண்ணு மில்லோட மண்ணு. இன்னிக்குக் கஞ்சி காய்ச்சுவீங்க, நாளைக்குக் கொடி நடுவீங்க, நாளன்னைக்குக் கோயிலே இருக்காது" என்று சொல்லி அப்பா கோயிலைப் பூட்டிவிட்டார். கடலூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்த ஆயரும் வருவதை நிறுத்திவிட்டார்.

மூன்று ஞாயிறு கோயில் பூட்டியே கிடந்தது. நாலாவது ஞாயிறு, நூல் சுற்றும் ரீலிங் செக்ஷனில் வேலை பார்த்த செல்வாம்பா அக்கா அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரே போடாகப் பூட்டை உடைத்தார்கள். அப்போது அவர்களுக்கு முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, ஒரு மகன். உள்ளே போய், பெஞ்சுகளைத் துடைத்து, நடுவில் நின்று கீர்த்தனை பாட ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு குரல், அண்ணி. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

அன்றிலிருந்து பதினோரு மாதம் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு ஆராதனை. முடிந்ததும் கஞ்சி. அப்பமும் ரசமும் கொடுப்பதில்லை. "ராப்போஜனம் ஆயர் வேல, அதுல நா கை வெக்க மாட்டேன். கஞ்சி என் வேல" என்பார்கள். பக்கிரி அண்ணனின் கைக்குழந்தை காய்ச்சலில் செத்தபோது அடக்கம் செய்தது அவர்கள்தான். பட்டினியால் வந்த காய்ச்சல்.

அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. பாட்டும் ஜெபமும் மனப்பாடம். வேதபாடம் வாசிக்க ஒரு ஆள் வேண்டும். பெரியவர்களில் வாசிக்கத் தெரிந்தவர்கள் அப்பாவுக்குப் பயந்தார்கள். நான் வாசித்தேன். எனக்குப் பதிமூன்று வயது. கணக்கு டியூஷன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, நாற்பது ஞாயிறுக்கு மேல் வாசித்தேன். அப்பா அந்தப் பக்கமே வரவில்லை, சபையில் ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. வாசித்து முடித்ததும் என் கன்னத்தைப் பிடித்து, "என் கண்ணு ரெண்டும் உன் மூஞ்சியில இருக்கு" என்பார்கள்.

ஸ்டிரைக் முடிந்தது. புது ஆயர் வந்தார். அப்பாவிடம் சாவி திரும்பி வந்தது. பழைய பதிவேடு மழையில் நனைந்துவிட்டது என்று அப்பா புதுப் புஸ்தகம் வாங்கி வந்தார். அது நனையவில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை உட்காரவைத்தார். அவர் பழைய புஸ்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஓரிடத்தில் நிறுத்தினார். "இந்த வரிய விடு" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். செல்வாம்பாள், ரீலிங், சேர்ந்த வருடம் 1958. ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த பேரை எழுதினேன்.

அடுத்த ஞாயிறு புது ஆயர் ராப்போஜனத்துக்கு முன்னால் பேர்களை வாசித்தார். அறுபத்திரண்டும் வாசித்து முடித்துப் புஸ்தகத்தை மூடினார். செல்வாம்பா அக்கா எழுந்து நின்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள், பின்னால் இன்னும் இருக்கும் என்பதுபோல. பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் என் காலைப் பார்த்தேன். மகன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள். அப்புறம் வரவே இல்லை.

இதுதான் உங்கள் எழுபத்து நான்கு.

பாரதி


உப்பளம்
9 ஏப்ரல் 2025

பாரதி கண்ணு,

கடுதாசியப் படிச்சிட்டு உம்மேல கோவம் வந்துச்சு. மறைக்க மாட்டேன். அப்புறம் என் கிளாசுல பதிமூணு வயசுல இருந்த புள்ளைங்க மூஞ்சியெல்லாம் ஞாபகம் வந்துச்சு. எந்தப் புள்ள அப்பன எதுத்து ஏன்னு கேட்டுருக்கு? கோவம் போயிடுச்சு. போனது நெஜம். நீ அதப் புடிச்சிட்டுத் தொங்காத.

அந்தம்மா உசுரோட இருக்காங்க.

பக்கிரி அண்ணன் அவரு சம்சாரத்துக்குத் தெரியாம எடம் சொன்னாரு. கதிர்காமம். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வாசல் பக்கம் அவங்க மருமக துர்கா டிபன் கடை போட்டிருக்கு. நான் தோள்பட்டையக் காட்டப் போறேன்னு அஜித்துகிட்ட சொல்லிட்டு ஷேர் ஆட்டோ புடிச்சுப் போனேன். கடைக்குப் பின்னால ஒரு ஸ்டூல்ல உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சிட்டு இருந்தாங்க. எம்பத்தஞ்சு வயசு. ஒல்லியா, நிமிந்து உக்காந்திருக்காங்க.

"யாரும்மா நீ?"

"உப்பளம் மில்லுக்கோயில்லேர்ந்து வர்றேம்மா. பேரு ஜெயம்."

"யாரு வூட்டு மருமவ?"

"உபதேசியார் சின்னக்கண்ணு வூட்டு..."

நான் முடிக்கல. கத்திய முறத்துல வெச்சாங்க, ஊன்றுகோல எடுத்தாங்க, உள்ள போயி கதவச் சாத்திட்டாங்க.

நான் பேயறைஞ்ச மாதிரி நின்னேன். துர்காதான் ஒரு தட்டுல ரெண்டு இட்லி வெச்சுக் குடுத்து, "சாப்புடுங்க, அது அப்படித்தான். அந்தக் கோயில் பேரச் சொன்னாலே எழுந்து போயிடும். உங்க வூட்லேர்ந்து வர்ற ஒருத்தரு கிட்ட மட்டும்தான் பேசும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளு கேக் கொண்டாந்து குடுப்பாரு. டீ குடிங்கன்னாலும் குடிக்க மாட்டாரு. நாலு வருஷமா ஆளக் காணும்"னாங்க.

"சைக்கிள்லயா வருவாரு?"ன்னு கேட்டேன்.

"மொதல்ல சைக்கிளு. அப்புறம் டிவிஎஸ்."

இட்லித் தட்டக் கீழ வெச்சிட்டேன், பாரதி. வருஷா வருஷம் உங்க அண்ணன் ரெண்டு கேக் ஆர்டர் குடுப்பாரு. ஒண்ணு மில்லு சிநேகிதனுக்குன்னுவாரு. நாப்பது வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்ட பொம்பளகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. அவங்க அப்பாவ எதுத்தும் பேச முடியல, சும்மா இருக்கவும் முடியல. கேக் வாங்கிட்டுப் போயிருக்காரு. அந்த எடத்துலயே உக்காந்து அழுதேன். துர்கா பயந்துட்டு சோடா குடுத்துச்சு. இறந்துட்டாருன்னு சொன்னேன். உள்ள கதவு லேசா தொறந்து இருந்துச்சு. கேட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். ஆனா வெளிய வரல.

எழிலரசன் கிட்ட விஷயத்தச் சொன்னேன். "விழா நேரத்துல எதுக்கு டீச்சர் பழைய புண்ண நோண்டறீங்க? உங்க மாமனாருதான அவரு? 'சில மாதங்கள் ஆராதனை தடைபட்டது'ன்னு எழுதிடுங்க"ன்னாரு. அது உன் வரியேதான். மாமா எனக்குப் பொண்ணு மாதிரி எடம் குடுத்தவரு. எனக்கு ரெண்டு மனசா இருக்கு. நீ அவரு பெத்த பொண்ணு. நீ சொல்லு.

அண்ணி


சார்செல்
2 மே 2025

அண்ணி,

எழுதுங்க.

அண்ணனோட கேக்கைப் படிச்சுட்டு, ரெண்டு நாள் அழுது முடிச்சுட்டுத்தான் இதை எழுதறேன். நமக்குள்ள யாருக்கும் யாரும் ஒண்ணும் சொல்லாமலே ஒரு வீட்டுல இருந்திருக்கோம்.

அப்பாவைப் பத்தி உள்ளதை உள்ளபடி எழுதுங்க. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கோயில் போயிடுமோன்னு நிஜமாவே பயந்தார். ஸ்டிரைக் முடிஞ்சு அந்த மண்ணைச் சபை பேருக்கு எழுதி வாங்கறதுக்கு அவர் ஏழு வருஷம் அலைஞ்சதும் உண்மை. அதையும் எழுதுங்க. பூட்டினவர் அவர், திறந்தவங்க செல்வாம்பா அக்கா, ரெண்டு பேரும் இல்லாட்டி இன்னிக்கு அங்க கோயில் இல்லை. பேரை விட்டது யாருன்னு வர்ற இடத்துல என் பேரைப் போடுங்க. "உபதேசியாரின் மகள்"னு மழுப்ப வேணாம். பாரதின்னே போடுங்க.

உள்ளே இன்னொரு தாள் மடிச்சு வெச்சிருக்கேன். அது அவங்களுக்கு. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, நீங்கதான் படிச்சுக் காட்டணும். கதவைச் சாத்தினா கதவுக்கு வெளிய நின்னு சத்தமா படிங்க. உங்க கிளாஸ்ரூம் குரல் நாலு வீட்டுக்குக் கேக்கும்.

அப்புறம், அன்னிக்குக் கிடைக்காத வார்த்தை இன்னும் கிடைக்கலை. தேடிட்டு இருக்கேன். உங்க நம்பரை பிளாக்லேர்ந்து எடுத்துட்டேன். ஆனா போன் பண்ணாதீங்க. லெட்டர்ல நாம ரெண்டு பேரும் நல்ல மனுஷிங்களா இருக்கோம்.

உங்க பாரதி


உப்பளம்
11 ஜூன் 2025

என் பாரதிக்கு,

மூணு விஷயம். ஒண்ணு பின்னால ஒண்ணா சொல்றேன், பொறுமையா படி.

கதிர்காமம் போனேன். இந்தத் தடவ அவங்க எழுந்து போகல. "தமிழ்மாறன் பொஞ்சாதிதான நீ? உக்காரு"ன்னாங்க. அன்னிக்குக் கதவுக்குப் பின்னாலேர்ந்து கேட்டுட்டுதான் இருந்திருக்காங்க. உங்க அண்ணன் எப்படிப் போனாருன்னு கேட்டாங்க. சொன்னேன். "மூஞ்சியப் பாக்கலயா நீ"ன்னாங்க. அந்தக் கேள்விய இதுவரைக்கும் ஒருத்தரும் என்னக் கேக்கல, பாரதி.

அப்புறம் உன் தாளப் பிரிச்சுப் படிச்சேன். கடை ஜனமெல்லாம் கேட்டுச்சு. "அந்த வரியை விட்டது என் கை"ன்னு நீ எழுதின எடத்த ரெண்டு தரம் படிச்சேன். அவங்க வெங்காயத்த உரிச்சிட்டே இருந்தாங்க. முடிச்சதும் கத்தியக் கீழ வெச்சாங்க. அப்புறம், "எனக்கு எழுத்து படிக்கத் தெரியாது. மூஞ்சி படிக்கத் தெரியும். அன்னிக்கே தெரியும் எனக்கு, அது தலையக் குனிஞ்சிட்டு நின்னப்பவே"ன்னாங்க.

"அப்ப ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா அந்தப் புள்ளைய அவங்கப்பன் என்னா பண்ணுவான்? டியூஷன்னு சொல்லிட்டு வந்த புள்ள. அத மாட்டி உட்டுட்டு நா சபையில உக்காரணுமா?"

நீ தப்பிக்கணும்னுதான் அவங்க வெளிய போயிருக்காங்க, கண்ணு. கோவத்துல மட்டும் போகல.

விழாவுக்கு வாங்க, மேடையில உக்காருங்க, சால்வை போடறோம்னு கூப்பிட்டேன். "சால்வைய நா என்னா பண்ணுவேன், இட்லித்துணியா போடுவேனா? சபைப் புஸ்தகத்துல என் பேரு ஏறணும். பேரு இல்லாத எடத்துக்கு நா வர மாட்டேன்"னாங்க. அத எழுத வேண்டியது யாருன்னும் அவங்களே சொல்லிட்டாங்க. "விட்டவ வரட்டும். நா பாத்துட்டு இருக்க எழுதட்டும்."

ரெண்டாவது, கமிட்டி. நான் எழுதினத எழுந்து நின்னு முழுசா வாசிச்சேன். உன் பேரோட, மாமா பேரோட. எழிலரசன் மூஞ்சி செவந்துபோச்சு. "முதல் பக்கத்துல அவரு படம், நாலாம் பக்கத்துல இதுவா?"ன்னாரு. அப்ப பக்கிரி அண்ணன் எழுந்தாரு. அவரு சம்சாரம் சட்டையப் புடிச்சு இழுத்தும் உக்காரல. "என் புள்ளைய நான் மடியில வெச்சிட்டு இருந்தப்ப ஆயரும் வரல, உபதேசியாரும் வரல. செல்வாம்பாதான் வந்து வாங்கிக்கிச்சு. அம்பது வருஷமா இத நான் வாய்க்குள்ளயே வெச்சிட்டு இருக்கேன்"ன்னாரு. எழிலரசன் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "எங்கம்மா என்ன வயித்துல வெச்சிட்டு அந்தக் கஞ்சியத்தான் குடிச்சாங்களாம். போடுங்க டீச்சர்"ன்னாரு. மாமா படம் முதல் பக்கத்துல வரல. உள்ள, அவரு மண்ணுக்கு அலைஞ்ச பக்கத்துல வருது. அதான் சரின்னு எனக்கும் பட்டுது.

மூணாவது ஒரே வார்த்தை. வா.

முட்டி வலி, டிக்கெட், குளிர்னு ஒண்ணும் சொல்லாத. உன் ரூமை வெள்ளையடிச்சுட்டேன்.

அண்ணி


சார்செல்
24 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணி,

பத்திரமா வந்து சேர்ந்தேன். இங்க குளிர் ஆரம்பிச்சிருச்சு. நீங்க பெட்டியில மறைச்சு வெச்ச கருவாட்டுப் பொட்டலத்தால ஏர்போர்ட்ல என் மானம் போச்சு. ஆனா புடுங்கலை, விட்டுட்டான். நேத்து குழம்பு வெச்சேன்.

மூணு வாரம் ஒரே ரூம்ல நாம எத்தனை தடவை சண்டை போட்டோம்னு எண்ணிப் பார்த்தேன். பதினேழு. ஃபேன் வேகத்துக்கு மட்டும் ஒன்பது. கல்லறைக்குப் போன அன்னிக்கு மட்டும் ஒரு சண்டையும் இல்லை. அண்ணன் மண்ணு மேல உக்காந்து, நாலு வருஷம் முன்னாடி போன்ல பேச நினைச்சதையெல்லாம் நான் பேசினப்ப, நீங்க எனக்கு வெயில் படாம குடையைப் பிடிச்சிட்டே நின்னீங்க. அந்தத் தோள்பட்டையோட. நான் தேடிட்டு இருந்த வார்த்தை அதுக்கப்புறம் தேவைப்படலைன்னு நினைச்சுக்கிட்டேன். தேவைன்னா சொல்லுங்க, இன்னும் தேடறேன்.

அஞ்சாந்தேதி நடந்ததெல்லாம் நீங்களே பார்த்தீங்க. செல்வாம்பா அக்கா கோலை ஊனிக்கிட்டு, துர்கா தோளைப் பிடிச்சுக்கிட்டு, முன்வாசல் வழியா வந்தது. மேசையில புஸ்தகத்தை விரிச்சு நான் பேரை எழுதினது. அத்தனை பேரும் எட்டிப் பார்த்துட்டு இருந்தாங்க, "ழ" எழுதற இடம் இல்லாதது நல்லதாப் போச்சு. சேர்ந்த தேதிக் கட்டத்துக்கு வந்ததும் நான் நிறுத்தினேன். ஆயர், "இன்னிய தேதிதான், அஞ்சு பத்து இருபத்தஞ்சு"ன்னார். அக்கா கோலால தரையைத் தட்டினாங்க இல்ல? "இன்னிக்கா? நா எங்க போனேன் இன்னிக்குச் சேர்றதுக்கு? அம்பத்தெட்டுல சேந்தேன். நீங்கதான் வழியில என்ன விட்டுட்டுப் போயிட்டீங்க. அம்பத்தெட்டுன்னு போடும்மா." ஆயர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் என் காலைப் பார்க்கலை. 1958ன்னு எழுதினேன்.

நீங்க பார்க்காதது ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

விருந்துக்கு எல்லாரும் முற்றத்துக்குப் போயிட்டீங்க. பிரியாணி பந்தியில நீங்க யாரையோ அதட்டற சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுச்சு. அக்கா பெஞ்சை விட்டு எழுந்திருக்கலை. "கால் வலிக்குதாக்கா?"ன்னு பக்கத்துல உக்காந்தேன். என் மூஞ்சியைக் கிட்ட இழுத்துப் பார்த்தாங்க. கண்ணுல புரை விழுந்திருக்கு இல்ல, ரொம்பக் கிட்ட வெச்சுத்தான் பாக்கறாங்க.

"வயசாயிடுச்சே உனக்கு"ன்னாங்க.

"அறுபத்து நாலுக்கா."

"குரல் இருக்கா?"

எனக்குப் புரியலை. மடியில இருந்த வேதபுஸ்தகத்தை எடுத்து என் கையில வெச்சாங்க. அந்தப் பதினோரு மாசமும் நாங்க எப்பவும் முதல்ல வாசிக்கிற சங்கீதம் ஒண்ணு இருக்கு. அதைக் கேட்டாங்க. நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிக்க ஆரம்பிச்சேன். வெறும் கோயில்ல என் குரல் எனக்கே யாரோ மாதிரி கேட்டுச்சு. அவங்க கண்ணை மூடிக்கிட்டு உதட்டை மட்டும் அசைச்சிட்டு இருந்தாங்க. எழுத்தெல்லாம் கலங்கிப் போயி, எப்படியோ பாதி வரைக்கும் வந்துட்டேன். சட்டுன்னு என் கையைப் பிடிச்சாங்க.

"நில்லு. ஒரு வரிய விட்டுட்ட."

"எங்கக்கா?"

"மேல. அப்பவும் இப்படித்தான். யாராச்சும் வந்துருவாங்கன்னு பயத்துல ஓட்டமா ஓட்டுவ, ஒரு வரி உழுந்துடும். நா சொல்ல மாட்டேன், புள்ள மனசு சங்கடப்படும்னு." சிரிச்சாங்க, அண்ணி. பல்லே இல்லை, ஆனா சிரிப்பு அதே சிரிப்பு. "இப்ப யாரும் வரப்போறதில்ல. மொதல்லேர்ந்து படி."

மொதல்லேர்ந்து படிச்சேன்.

உங்க
பாரதி